மூன்று பைசாவுக்குப் பேசிய பேரம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு. என் தங்கச்சி போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். ஒருவர் வீட்டு வாசலிலும் நான் கை நீட்டிப் போய் நின்றது கிடையாது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. போன வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு, 'கிரிக்கெட் பந்தயக்காரர்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட அம்மாவுக்கு இத்தனை பக்கமா' என்று யாரோ கேட்டிருக்கிறாராம். சோறு பொங்கியது உண்மை. நல்ல சோறு. ஆனால் அந்த வீட்டில் போனை எடுத்துப் பேசியதும் நான்தான். அந்தப் போன் எப்படி என் கைக்கு வந்தது, ஒரு நாள் எப்படிக் கையை விட்டுப் போகப் பார்த்தது என்பது இந்த வாரத்துக் கதை.

அன்றைக்கு இந்தியாவுக்கு ஆட்டம். பகல் ஆட்டம். கோவில்பட்டி பஜாரில் பாதிக் கடைக்காரர்கள் கல்லாவை விட்டுவிட்டு டி.வி. இருக்கிற கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். தெருவுக்குத் தெரு கேபிள் வயர் தொங்க ஆரம்பித்திருந்த காலம் அது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கத்தினால் அடுத்த வீட்டிலும் அதே கத்தல் கேட்கும்.

எங்கள் வீட்டில் மட்டும் சத்தம் இருக்காது. டி.வி. ஓடும். ரெங்கராஜ் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பல் வலிக்காரன் மாதிரி கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கொழுந்தன் செண்பகம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு மனக்கணக்குப் போடுவான். நான் போன் பக்கத்தில் முக்காலியில்.

"மதினி, இன்னைக்குத் தவிடுதான்," என்றான் செண்பகம், கண்ணைத் திறக்காமலே. "இந்தியா மேல சின்னதா போடுங்க. அவரு என்ன ரேட்டு சொன்னாலும் சரின்னுட்டு வச்சிருங்க."

"சரிய்யா."

மதுரையில் பந்தயம் வாங்குகிற முதலாளிக்கு நம்பரைப் போட்டேன். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே ரிசீவரைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. அவர் எடுப்பதற்குள் கொஞ்சம் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆசைப்படுகிறவருக்கு எட்டயபுரம் பஸ்

பந்தயக்காரர்கள் என்றதும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சீட்டி அடிப்பார்கள், குடிப்பார்கள், தொடையைத் தட்டுவார்கள். எங்கள் வீட்டில் நடந்தது வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற மாதிரி வேலை. நாள் முழுக்க உட்கார வேண்டும், முதுகு வலிக்கும், பேச ஒன்றும் இருக்காது.

செண்பகம் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். எந்த அணி எந்த ஊரில் எப்படி ஆடும், வெயிலில் எப்படி, ஈரத்தில் எப்படி என்று எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவனாக ஒரு ரேட்டு போட்டு வைத்துக்கொள்வான். பந்தயம் வாங்குகிற முதலாளி சொல்லும் ரேட்டு அவன் போட்டதை விட்டு ரொம்ப விலகியிருந்தால் மட்டும் நாங்கள் பந்தயம் போடுவோம். இல்லாவிட்டால் மீனைத் தின்றுவிட்டு அவரவர் பாயை விரிப்போம். பாதி ஆட்டங்களுக்கு மேல் நாங்கள் சும்மாதான் இருந்தோம்.

ரேட்டு என்பது பைசாவில். 'இந்தியா நாற்பத்தைந்து' என்றால், இந்தியா மேல் ஒரு ரூபாய் வைத்து இந்தியா ஜெயித்தால் நாற்பத்தைந்து பைசா லாபம். தோற்றால் அந்த ரூபாய் அவருக்கு. ஜெயிப்பது நிச்சயம் மாதிரித் தெரிந்தால் பைசா குறையும். சந்தேகம் வந்தால் ஏறும். அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது.

ரெங்கராஜ் கயத்தாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பதற்றம் வந்தால் அவர் வாயில் தமிழ் நிற்காது. ஆட்டத்தைப் பார்த்து எவனுக்குக் கால் இழுக்கிறது, எவன் தோளைப் பிடித்துக்கொள்கிறான் என்று சொல்வது அவர் பாடு.

மூன்றாவது ஆள் எங்கள் வீட்டுக்காரர். அவியளிடம் ஒரே ஒரு குறை. இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுவாவ.

எங்கள் வீட்டில் அது நடக்காது. ஆசைப்படுகிறவன் கணக்கைக் கெடுத்துவிடுவான் என்பது செண்பகம் வைத்த சட்டம். கைதட்டக் கூடாது. 'அடடா' சொல்லக் கூடாது. அவியளால் முடியவில்லை. ஒரு தடவை துண்டை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாவ. துண்டோடு சேர்ந்து கத்தினாவ. அதிலிருந்து இந்தியா ஆடுகிற நாளில் அவியளுக்குக் காலையிலேயே எட்டயபுரம் பஸ். அங்கே அவிய அக்கா வீடு இருந்தது. சாயங்காலம் ஆட்டம் முடிந்த பிறகுதான் திரும்பி வர அனுமதி.

"ஏட்டி, இன்னைக்கு ஒரு நாளு இருந்துக்கிடுதேனே," என்று செருப்பு மாட்டும்போது கேட்பாவ.

"தம்பிகிட்ட கேளுங்க."

"அவன் விட மாட்டான்."

"பெறகு என்கிட்ட என்னத்துக்குக் கேக்கீங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அடுத்த வீட்டு மாரியம்மா ஒரு நாள் என்னிடம் இரக்கத்தோடு கேட்டாள்: "ஏன் மதினி, உங்க வீட்டுல யாருக்கும் கிரிக்கெட்டு பிடிக்காதோ? ஊரே கூப்பாடு போடுது, உங்க வீடு எழவு வீடு கணக்கா இருக்கு."

"எங்க வீட்டுல எல்லாருக்கும் தலைவலிம்மா," என்றேன். வாசலில் 'தீப்பெட்டி ஏஜென்ட்' என்று பலகை தொங்கியது. பெட்டி விற்றதை ஒருவரும் பார்த்ததில்லை.

துண்டுக்குள் போகாத கை

நான் அந்த வீட்டுக்குச் சமைக்க வந்தவள். அதற்கு முன்னால் இடைசெவலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடு வைத்திருந்தோம். வெள்ளாடும் செம்மறியும். சனிக்கிழமை தோறும் எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவேன். வீட்டுக்காரருக்கு விலை பேச வராது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, கூடவே டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவாவ. அதனால் நான்தான் போவேன்.

சந்தையில் ஆண்கள் வாயால் விலை பேச மாட்டார்கள். ஒரு துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது. எனக்கு அது ஆகாது. எவனோ ஒருவன் விரலைத் துண்டுக்குள் நான் பிடிக்க முடியுமா? ஆகவே நான் மட்டும் வாயால் பேசினேன். நாலு பேர் கேட்கத்தான் பேசினேன்.

வாயால் பேசுவதில் ஒரு கஷ்டம் உண்டு. விரலுக்கு முகம் கிடையாது. குரலுக்கு உண்டு. கொடுத்துவிட ஆசை என்று குரலில் தெரிந்தால் வியாபாரி கீழே இறக்குவான். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்தால் இன்னும் இறக்குவான். அதனால் நான் குரலை இஸ்திரி போட்ட மாதிரி வைத்துக்கொள்ளப் பழகினேன். சுருக்கம் இருக்காது. கிடா போனாலும் அதே குரல், கிடா நின்றாலும் அதே குரல்.

நாளடைவில் வாங்க வந்தவர்களே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "எக்கா, இந்த ஆட்டுக்கு ஒரு பல்லு பாத்துச் சொல்லுங்க." நான் ஒரு ஆட்டின் மேல் கை வைத்தால் சுற்றி நிற்கிறவர்கள் அந்த ஆட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். விலை ஏறும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பிறகு மழை இல்லாத வருஷங்கள் வந்தன. கரிசல் காடு வாய் பிளந்து கிடந்தது. மேய்ச்சல் இல்லாமல் ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். கொஞ்ச காலம் அதே ஊரில் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் என் பிள்ளைகள் தட்டில் விழுந்த சோற்றை அந்த மனிதர் கண்ணால் அளப்பார். செண்பகம் எங்களைக் கோவில்பட்டிக்குக் கூப்பிட்டபோது மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த அண்ணன் மாட்டுத்தொழுவத்தில் நின்றபடி சொன்னார்: "போங்க, போங்க. கொஞ்ச நாளுல பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இங்கனதான வந்து நிக்கணும்."

நான் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். அந்த வாசலில் மறுபடி போய் நிற்பதில்லை என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். கோவில்பட்டியில் நான் செய்ததெல்லாம் அந்த முடிவுக்காகத்தான்.

தோற்கிறவருக்கு மரியாதை

பந்தயம் வாங்குகிற முதலாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தோற்கிறவன் போன் பண்ணினால் "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" என்பார்கள். தொடர்ந்து ஜெயிக்கிறவன் போன் பண்ணினால் எடுக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து தினம் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு யார் கதவு திறப்பார்கள்?

செண்பகத்தின் குரலைத் திருநெல்வேலிக்காரர் அடையாளம் கண்டு நிறுத்தினார். ரெங்கராஜ் குரலைத் தூத்துக்குடிக்காரர் நிறுத்தினார். அடுத்து நாங்கள் வீட்டுக்காரரைப் பேச வைத்துப் பார்த்தோம். அவிய முதலாளியிடம் 'நம்ம பசங்க இன்னைக்கு எப்படி ஆடுதாங்க' என்று அரை மணி நேரம் பேசிவிட்டுப் பந்தயத்தைச் சொல்ல மறந்துவிட்டாவ.

கடைசியில் மிஞ்சியது மதுரைக்காரர் ஒருவர். பெயர் தெரியாது. இன்றுவரை தெரியாது.

"இந்த லைனும் போச்சுன்னா கடையைக் கட்ட வேண்டியதான்," என்றான் செண்பகம். "அவங்கவங்க ஊரு, அவங்கவங்க சோலி."

எனக்கு அந்தத் தொழுவம் கண்ணில் வந்து நின்றது. "நான் பேசுதேன்," என்றேன். கையில் அகப்பை இருந்தது.

ரெங்கராஜ் சிரித்தார். செண்பகம் சிரிக்கவில்லை. எட்டயபுரம் சந்தையில் அவன் என்னைப் பார்த்திருக்கிறான்.

கதை ஒன்று ஜோடித்தோம். நான் கயத்தாற்றில் லாரி வைத்திருக்கிற முதலாளியம்மா. பணம் இருக்கிறது, பொழுது போகவில்லை, இந்தியா மேல் உயிர். அப்படிப்பட்ட ஆள் எப்போதும் ஜெயித்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? அதனால் நடுநடுவே வேண்டுமென்றே மட்டமான பந்தயம் ஒன்று போட வேண்டும். பால் கறக்கும்போது மாட்டுக்கு முன்னால் வைக்கிற மாதிரி. அதைத்தான் எங்கள் வீட்டில் தவிடு என்போம்.

"மதினி, நீங்க பணக்காரி. அலட்சியமாப் பேசணும்," என்று செண்பகம் சொல்லிக்கொடுத்தான்.

"பணக்காரிதான் அலட்சியமா இருக்க மாட்டா. அதனாலதான் பணக்காரி."

"ஐயோ மதினி. நான் சொல்லுத மாதிரி பேசுங்க."

பேசினேன். ஒரு வருஷத்துக்குக் கிட்ட நன்றாகத்தான் போனது. மதுரைக்காரர் மெல்லிய குரலில் மரியாதையாகப் பேசுவார். என்னை 'ஆத்தா' என்பார். அவர் வீட்டில் பின்னால் ஒரு தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். சம்சாரம் தைக்கிறாள் என்று ஒரு நாள் சொன்னார். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறது, சின்னவளுக்கு மேலே படிக்க ஆசை என்று இன்னும் கொஞ்சம் சொல்வார். நானும் என் லாரிகளைப் பற்றிச் சொல்வேன். டயர் விலை எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன்.

"ஆத்தா, ஒரு நிமிசம்"

இப்போது அவர் போனை எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க ஆத்தா. இன்னைக்கும் இந்தியாதானா?"

"வேற யாரு? இந்தியா என்ன வெலை?"

"நாப்பத்தஞ்சு."

சரி என்று சொல்லிவிட்டு வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும். செண்பகம் அந்தப் பக்கம் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறான். ஆனால் ஒருவன் முதலில் சொன்ன விலையை அப்படியே வாங்கிக்கொள்வது என் உடம்பிலேயே கிடையாது. வெங்காயம் ஆனாலும் சரி, இந்தியா ஆனாலும் சரி.

"நாப்பத்தெட்டுக்குக் குடுங்க," என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் மட்டும் ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

"ஆத்தா, ஒரு நிமிசம்," என்றார். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "நான் ரொம்ப காலமா இந்தச் சோலி பாக்குறேன். இந்தியா மேல ஆசைப்பட்டுப் போடுறவுக யாரும் வெலை கேக்க மாட்டாக. 'போடு'ன்னு சொல்லிட்டு வச்சிருவாக. மூணு பைசாவுக்கு நிக்குறவுக வெலை தெரிஞ்சவுக. நீங்க லாரிக்கார ஆத்தா இல்ல. கோவில்பட்டிக் கூட்டம்னு பேசிக்கிறாகளே, அது நீங்கதானே?"

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"தப்பா எடுத்துக்காதீக. நாளையில இருந்து இந்த நம்பருக்குப் பேச வேணாம். உடம்பப் பாத்துக்கங்க."

வைக்கப் போகிறார். அறையில் இருக்கிற இரண்டு பேருக்கும் அவர் பேசியது கேட்காது. நான் பேசுவது மட்டும்தான் கேட்கும். ஆனால் என் முகத்தைப் பார்த்து ரெங்கராஜ் எழுந்து டி.வி.யை அணைத்துவிட்டார்.

"ஏமாயிந்தி அக்கா?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

"அண்ணாச்சி, வைக்காதீங்க," என்றேன் போனில். அதே குரல். "நீங்க சொன்னது சரிதான். எங்களுக்கு லாரி கெடையாது. நான் ஆட்டுச் சந்தையில வெலை பேசுனவ. அந்தப் பழக்கத்துல கேட்டுட்டேன்."

செண்பகம் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஆட்டுச் சந்தையா?" என்றார் மதுரைக்காரர்.

"எட்டயபுரத்துல. ஒண்ணு சொல்லுதேன், கேட்டுட்டு வையுங்க. அங்கன நான் ஒரு ஆட்டு மேல கை வச்சா, அந்த ஆட்டுக்கு வெலை கம்மியா சொல்லியிருக்காவன்னு எல்லாருக்கும் தெரியும். புத்தியுள்ள வியாபாரி என்னைத் தொரத்த மாட்டான். 'எக்கா, முதல்ல என் மந்தையப் பாருங்க'ன்னு கூப்பிடுவான். நான் ஒண்ணு ரெண்டு வாங்கிட்டுப் போவேன். அவன் மிச்ச ஆட்டுக்கு வெலையை ஏத்திக்கிடுவான். எனக்கும் லாபம், அவனுக்கும் லாபம். தொரத்துனவன் எந்த ஆட்டுல வெலை தப்புன்னு தெரியாமலே வித்துட்டுப் போனான்."

அவர் போனை வைக்கவில்லை.

"நாங்க உங்ககிட்ட எந்தப் பக்கம் கேக்கோமோ, அந்தப் பக்கத்து ரேட்டு உங்ககிட்ட தப்பா இருக்குன்னு அர்த்தம். அந்த ரேட்டுல எங்களுக்குக் கொஞ்சம் பந்தயம் குடுங்க. குடுத்துட்டு, மத்தவங்களுக்கு ரேட்டை மாத்திக்கிடுங்க. வேற ஒருத்தருக்கும் சொல்லுததுக்கு முன்னால உங்ககிட்டதான் முதல்ல பேசுவோம். இனிமே பொய்ப் பந்தயமும் போட மாட்டோம்."

"எவ்வளவு குடுக்கணும்?" என்றார்.

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்டவன் வாங்காமல் போக மாட்டான். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு பந்தயம் தருவார் என்று அவர் ஒரு அளவு சொன்னார். நான் இரட்டிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கொஞ்சம் ஏறினார், நான் கொஞ்சம் இறங்கினேன். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. செண்பகத்திடம் கண்ணால் அடுப்பைக் காட்டினேன்; தொழிலுக்கே தலைவன், எழுந்து போய்க் குழம்பை இறக்கிவைத்தான்.

கடைசியில் அவர் சொன்னார்: "சரி ஆத்தா. ஆனா நீங்கதான் பேசணும். வேற குரல் வந்தா எடுக்க மாட்டேன்."

"வேற யாரு பேசப் போறா?"

"அப்ப இன்னைக்கு உண்மையா என்ன சொல்றாக உங்க வீட்டுல?"

நான் ரிசீவரை மார்பில் அழுத்திக்கொண்டு செண்பகத்திடம் கேட்டேன். அவன் பேயைப் பார்த்தவன் மாதிரி நின்றான். "அவருகிட்டயே சொல்லணுமா?" என்றான்.

"சொல்லுய்யா."

சொன்னான். இந்தியா மேல் ஊரே ஆசையில் போடுகிறது, அந்த ரேட்டுக்கு இந்தியா பெறாது, எதிர் அணி மேல் போடுவதுதான் லாபம் என்றான். நான் அதை அப்படியே மதுரைக்குச் சொன்னேன். "இன்னைக்கு எதிர்ப்பக்கம் கேட்டு வாரவங்ககிட்ட வாங்காதீங்க அண்ணாச்சி. அவங்கதான் வெவரமானவங்க."

"சரி," என்றார். வைத்துவிட்டார்.

மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பு லேசாகத் தீய்ந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

"தவிடு போட வேண்டிய எடத்துல போய் வெலை கேட்டீங்களே மதினி," என்று செண்பகம் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "அது மாட்டுக்கு வைக்குத தவிடு. அதுல போய் யாராவது கல்லு பொறுக்குவாவளா?"

"நான் பொறுக்குவேன்," என்றேன்.

சாயங்காலம்

டி.வி.யை மறுபடி போட எங்களுக்குத் தோன்றவே இல்லை. வெயில் இறங்கும் நேரம் திடீரென்று தெருவில் வெடி வெடித்தது. மாரியம்மா வீட்டில் தட்டைத் தட்டினார்கள். யாரோ பையன்கள் சைக்கிளில் கூவிக்கொண்டு போனார்கள்.

"ஜெயிச்சிட்டாங்க," என்றார் ரெங்கராஜ், சாவுச் செய்தி சொல்கிற குரலில்.

மதுரைக்காரர் என் பேச்சைக் கேட்டு எதிர்ப்பக்கம் வந்த பந்தயத்தை எல்லாம் வாங்காமல் விட்டிருப்பார். அவரிடம் இந்தியா மேல் வைத்தவர்கள் மட்டும்தான் இருந்திருப்பார்கள். இப்போது எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருப்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டியது ஒன்றும் இருக்காது. கூட்டுச் சேர்ந்த முதல் நாளே அவரை நட்டாற்றில் இறக்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எட்டயபுரம் பஸ்ஸிலிருந்து வீட்டுக்காரர் வந்தாவ. கையில் அக்கா கொடுத்துவிட்ட முருங்கைக்காய்க் கட்டு. முகமெல்லாம் பல்.

"ஏலே செண்பகம், பாத்தியால ஆட்டத்தை? பஸ்ஸுல டிரைவரே வண்டியை நிறுத்திட்டு..." என்று ஆரம்பித்தவிய எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாவ. "என்னட்டி, யாருக்கும் எதுவும் ஆயிட்டா?"

"உள்ள வாங்க. சிரிக்காம வாங்க," என்றேன்.

செண்பகம் அன்று என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை. "நம்ம கணக்கு தப்பு இல்ல மதினி. ஒரு ஆட்டத்தை வச்சு அதைச் சொல்ல முடியாது," என்று மட்டும் சொன்னான். "ஆனா அது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியணுமே. நாளைக்கு எடுக்க மாட்டாரு."

நான் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். எடுக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். எந்த பஸ், எந்த ஊர், எந்த வாசல் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

மறுநாள்

மறுநாள் வேறு இரண்டு நாடுகளுக்கு ஆட்டம். வீட்டுக்காரரும் வீட்டில்தான். நாலு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் குளித்து, தலை முடிந்து, நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டேன். போனில் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ரெங்கராஜ் தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டார்.

எடுத்தார்.

"ஆத்தா," என்றார். தையல் மெஷின் ஓடவில்லை. "உங்க பேச்சைக் கேட்டு நேத்து நான் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சுமா பேசுறீக?"

நான் அவசரப்படவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் நேற்றுச் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். அது தப்பு இல்லை.

"அண்ணாச்சி, சந்தையில நான் பல்லு பாத்து, நல்ல ஆடுன்னு சொல்லி வாங்கிக் குடுத்ததுல ரெண்டு ஆடு மறுநாளே செத்துப்போச்சு. ஒரே ஆளு வாங்குனது. அந்த மனுசன் மறு சனிக்கிழமையும் என்கிட்டதான் வந்தாரு."

"ஏன் வந்தாரு?"

"மத்தவங்க பாத்து வாங்கிக் குடுத்ததுல நாலு செத்துச்சே."

மனிதர் சிரித்தார். மெல்லிய குரல்காரர், சிரிக்கும்போது மட்டும் குரல் பெரிதாக இருந்தது. அந்தச் சிரிப்பு ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. செண்பகம் சுவரில் சாய்ந்தான். வீட்டுக்காரர் கைதட்டப் போய், செண்பகத்தைப் பார்த்துவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாவ.

"சரி ஆத்தா," என்றார் மதுரைக்காரர். "இன்னைக்கு எந்த ஆட்டு மேல கை வைக்கிறீக?"

சொன்னேன். ரேட்டு சொன்னார். இரண்டு பைசா சேர்த்துக் கேட்டேன். கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சமையலுக்கு வேறு ஆள் வைத்தோம். நானே பார்த்து வைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள், சொல்லித் திருத்தினேன். முக்காலி போய் எனக்கு முதுகு சாய்கிற நாற்காலி வந்தது. மதுரைக்காரர் பல வருஷம் எங்களோடு தொழில் செய்தார். சில வாரம் நாங்கள் சொன்னது பொய்த்தது, பல வாரம் பலித்தது. அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. இப்போது எதிரில் வந்தாலும் தெரியாது. பேசினால் தெரியும்.

பிள்ளைகள் ஆறு பேரும் கோவில்பட்டியிலேயே படித்து முடித்தார்கள். இடைசெவல் பக்கம் போகிற பஸ்ஸில் நான் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் ஏறினேன், அன்றைக்கே திரும்பினேன்.

ஏட்டி கார்த்திகா, ஆச்சி கூப்பிடுதேன், அந்த செல்போனைக் கீழ வச்சிட்டு இங்கன வா. நான் கிறுக்கி வச்சிருக்கதை முதல்ல இருந்து ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. வேகமா ஓடாத. மதுரைக்காரர் பேசுத எடம் வந்தா மட்டும் குரலைத் தாழ்த்தி வாசி. அவிய அப்படித்தான் பேசுவாவ.